தெருவின் அகலமே கட்டடத்துக்கு அளவுகோல்: தியாகராய நகர்க் குடியிருப்போரின் நிலைப்பாடு

தியாகராய நகர் தானாக முளைத்த பேட்டையன்று. 1920-ஆம் வருஷத்துச் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்ததை அடுத்து, ஜஸ்டிஸ் கட்சியின் ஆட்சிக் காலத்தில், மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்து, பூங்காவுக்கும் பாதைக்கும் இன்ன இடம் என்று முன்கூட்டியே வகுத்து, மனை பிரித்து நிர்மாணிக்கப்பட்ட பிரதேசம் இது. ஆகையால், திட்டமும் விதியும் வேண்டுமென்று இங்குள்ள குடியிருப்போர் கேட்பது புதிய கோரிக்கையன்று.

எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்ற கணக்கு, சாதாரணக் குடியிருப்புகளுக்கு முன்பு 1.5 ஆக இருந்து, 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளால் 2 ஆக உயர்ந்தது. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடிக்கு அனுமதி இருந்தது போய், 4,800 ஆயிற்று. தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் கீழ்த்தளம் இதில் சேராது. சாலை அகலமாயிருந்தால் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் பெறலாம். குறியீடு உயர்ந்ததனால், தெருவோ அதனடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயோ ஓர் அங்குலமும் அகன்றுவிடவில்லை.

இதன் பலனை உட்தெருக்களில் வந்து பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் ஐந்து குடும்பங்கள் குடியேற, வீட்டுக்கு ஒரு கார் கீழ்த்தளத்தில் அடங்கினாலும் இரண்டாவது கார் தெருவோரம் நிற்க, விடியற்காலையில் வரும் தண்ணீர் லாரி திரும்ப வழியின்றிப் பின்னோக்கியே வெளியேறுகிறது. நல்ல மழை பெய்தால் பாதாளச் சாக்கடையின் மூடி எழும்ப, பள்ளிக்குப் போகும் குழந்தைகள் அந்த நீரில்தான் கால் வைக்கிறார்கள். மாசி வெயிலை நம்பி வடாம் பிழிந்துவந்த மொட்டைமாடியில், மேற்கு மனையில் ஐந்தாவது தளம் எழும்பிய பின், பிற்பகல் இரண்டு மணிக்கே நிழல் விழுந்துவிடுகிறது. இது அற்பமான குறையன்று. படியிறங்க முடியாத முதியோருக்கு அந்த வெளிச்சமும் காற்றுமே வெளியுலகம்.

குடியிருப்போராகிய நாங்கள் வீடு கட்டுவதற்கு விரோதிகளல்லோம். எங்களில் கணிசமானோர் அடுக்ககங்களில்தான் வசிக்கிறார்கள். வீடு தேடும் இளந்தம்பதிகளை ஊருக்கு வெளியே தள்ளுவது நியாயமென்று எங்களில் எவரும் கருதவில்லை. அகன்ற சாலைகளிலும் மெட்ரோ நிலையங்களை ஒட்டியும் உயரமான கட்டடங்கள் வரட்டும். ஆனால், 2017 மே 31 அன்று, இங்குள்ள அகன்ற உஸ்மான் சாலையிலேயே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்ததென்றால், தீயணைப்பு வண்டி நுழையவே தயங்கும் உட்தெருவின் கதி என்னவாகும் என்பதே எங்கள் அச்சம்.

இருக்கிற விதியும் நிலைப்பதில்லை என்பது மிகவும் வருந்தத்தக்கது. 1999 பிப்ரவரி இறுதி வரை விதிமீறிக் கட்டியவற்றை அபராதம் பெற்று வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. காலக்கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டியதை 2006-இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அதற்குப் பிறகும் 2007 ஜூலை 1 வரையிலான கட்டடங்களுக்காக இன்னொரு பிரிவு வந்தது. விதிப்படி கட்டியவரை இது ஏமாளியாக்குகிறது.

ஆகவே, சென்னைப் பெருநகரின் மூன்றாவது பெருந்திட்டம் உருவாகிவரும் இச்சமயத்தில், முப்பதடிக்குக் குறைந்த தெருக்களில் குறியீட்டை மீண்டும் 1.5 ஆகக் குறைக்க வேண்டும் என்றும், இனி வரன்முறை எந்தப் பெயரிலும் கூடாது என்றும் கோருகிறோம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே, அனுமதி பெற்ற வரைபடத்தையும் தளங்களின் எண்ணிக்கையையும் தெருவில் போகிறவர் படிக்கும்படி மனையின் வாசலில் தமிழில் எழுதி வைத்து, அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க முப்பது நாள் அவகாசமும் அளிக்க வேண்டும்.