பாலைவனத்தில் நிலக்கரி இருக்கிறது, தண்ணீர்?

பழுப்பு நிலக்கரி என்றதும் நமக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். நாட்டின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழகத்தில் இருப்பதால் அது இயல்பே. அடுத்த இடம் ராஜஸ்தானுக்கு. அங்கே பிகானேர், பார்மர், நாகௌர் உள்ளிட்ட மாவட்டங்களின் மணலுக்கடியில் 600 கோடி டன்னுக்கும் அதிகமான இருப்பு மதிப்பிடப்பட்டிருக்கிறது. நெய்வேலி நிறுவனமே பிகானேர் மாவட்டம் பர்சிங்சரில் சுரங்கமும், 250 மெகாவாட் அனல் மின் நிலையமும் நடத்தி வருகிறது.

நெய்வேலியில் பூமிக்கடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் நிலக்கரியைத் தொட முடியும். அந்த நீரில் ஒரு பகுதி மின் நிலையங்களுக்கே பயன்படுகிறது. பர்சிங்சரில் நிலைமை நேர்மாறு. நிலக்கரி காலடியில் கிடக்கிறது. கொதிகலனுக்கும் குளிர்விப்புக்கும் வேண்டிய நீர், பஞ்சாபின் ஹரிகே அணையில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து வருகிறது.

1958-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்த 649 கிலோமீட்டர் கால்வாய், பாலைவன மக்களின் தாகத்தையும் வயல்களையும் மனதில் கொண்டு வெட்டப்பட்டது. நாட்டின் நிலப்பரப்பில் 10 சதவீதத்துக்கும் அதிகமாகக் கொண்ட ராஜஸ்தானுக்கு, மேற்பரப்பு நீரில் 1.16 சதவீதமே உரியது. நிலத்தடி நீரையோ, ஆண்டுதோறும் ஊறுவதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உறிஞ்சுகிறார்கள் என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியம். ஆக, மேற்கு ராஜஸ்தானுக்குக் கால்வாய்தான் கதி. கோடையின் தொடக்கத்தில் பராமரிப்புக்காக அது மூடப்படும் வாரங்களில் நகரங்களில்கூடக் குடிநீர் முறைவைத்தே விடப்படுகிறது.

பார்மரைப் பார்ப்போம். பத்ரேஷ் கிராமத்தில் கபூர்டி, ஜாலிபா சுரங்கங்களை நம்பி 1,080 மெகாவாட் தனியார் அனல் மின் நிலையம் இயங்குகிறது. அதற்கான கால்வாய் நீர் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் வருகிறது. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015-ல் வகுத்த விதிப்படி, இத்தகைய பழைய நிலையங்கள் ஒரு மெகாவாட் மணிக்கு மூன்றரை கன மீட்டர் வரை நீர் பயன்படுத்தலாம். முழுத் திறனில் இயங்கி, அந்த உச்சவரம்பைத் தொட்டால் நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமவாசி ஒருவருக்கு விதித்திருப்பது 55 லிட்டர். அந்தக் கணக்கில் இது 16 லட்சம் பேருக்கான குடிநீர். பார்மர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 26 லட்சம்!

கால்வாய் நீரில் பெரும்பகுதி பாசனத்துக்கே போகிறது, அங்கும் விரயம் உண்டு, மின்சாரமும் மக்களுக்கே என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், வரத்து குறையும் ஆண்டில் முதலில் வறள்வது கால்வாயின் கடைக்கோடி. அந்தக் கோடியில் நிற்கும் கிராமமும் மின் நிலையமும் ஒரே குழாய்க்குப் போட்டியிட்டால் யார் வெல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ரவி-பியாஸ் நீரில் ராஜஸ்தானுக்கு 86 லட்சம் ஏக்கர் அடி தந்த 1981 ஒப்பந்தத்தைப் பஞ்சாப் 2004-ல் சட்டமியற்றி ரத்து செய்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் கருத்துச் சொல்ல வேண்டியிருந்தது. காவிரியை அறிந்த நமக்கு இது புதிதல்ல. மேலே இருப்பவரின் மனநிலையை நம்பி நிற்கும் நீர் அது.

தில்லியில் இந்தக் கணக்கை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. நிலக்கரிப் படுகைகளை ஒதுக்குவது நிலக்கரி அமைச்சகம். தண்ணீர் பற்றி ஜல் சக்தி அமைச்சகத்திடம் கேட்டால், அது மாநிலப் பட்டியலில் உள்ளது என்று தொடங்கும் பதில், அவை நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் எங்களுக்கு மனப்பாடம். 2002 தேசிய நீர்க் கொள்கை குடிநீரை முதலிலும் தொழிற்சாலைகளை வெகு கீழேயும் வைத்தது. 2012 கொள்கையும் குடிநீரையே முன்னிறுத்தியது. கொள்கை சட்டமல்ல என்பதால் எந்தச் சுரங்க ஒதுக்கீட்டையும் அது தடுக்காது.

பாலைவன மாவட்டங்களில் இனி எந்தப் படுகை ஏலத்துக்கு வந்தாலும், எரிப்பதற்கான நீர் எங்கிருந்து, எந்த மாதத்தில், யாருடைய பங்கிலிருந்து என்பது ஏல ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும். கால்வாய் மூடும் வாரங்களில் மின் நிலையம் தன் சொந்தச் சேமிப்பில் மட்டுமே இயங்க வேண்டும் என்ற நிபந்தனையும் தேவை. இது கடினமான கோரிக்கை அல்ல. அதே மண்ணில், ஜோத்பூர் பகுதியின் பட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா, தகடுகளைத் துடைக்கும் அளவுக்கு மேல் நீர் கேட்காமல் இயங்குகிறது.

பிகானேரில் நெய்வேலி நிறுவனம் திட்டமிட்டிருந்த பித்னோக் நிலையமும் பர்சிங்சர் விரிவாக்கமும் 2017-ல் நிறுத்திவைக்கப்பட்டன. காரணம் மின்சாரத்தின் விலை, தண்ணீர் அல்ல.