கம்பெனி கார் லீஸ்: வரி மிச்சம் சரி, வாசலில் நிற்கும் சொந்தக் காரை விற்கலாமா?

நிதியாண்டு தொடங்கியதும் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து வரும் மெயில்களில் ஒன்று கார் லீஸ் பற்றியதாக இருக்கும். சிடிசி-யிலிருந்தே புது கார், வருஷத்துக்கு லட்ச ரூபாய் வரி மிச்சம் என்கிற ரீதியில் ஒரு அட்டவணையும் கூடவே வரும். சென்னை ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிற பலர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நிற்கிறது. லோன் முடிந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். அதை விற்றுவிட்டு கம்பெனி காருக்கு மாறிடலாமா என்ற யோசனை அப்போதுதான் கிளம்புகிறது.

அந்த அட்டவணையில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் சரிதான். ஆனால் அது புது காரை லோனில் வாங்குபவரோடு மட்டுமே ஒப்பிட்டுக் காட்டுகிறது. லோன் முடிந்த காரோடு ஒப்பிடும் வரிசை அதில் இருக்காது.

பேர்தான் கம்பெனி கார். பணம் உங்களுடையது. லீசிங் நிறுவனம் காரை வாங்கி உங்கள் கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகையையும், பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் செலவையும் கம்பெனி உங்கள் சிடிசி-யிலிருந்து, வரி பிடிப்பதற்கு முன்பே கழித்துக்கொள்கிறது. அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் ஓடுகிற காருக்கு, 2025-26 நிதியாண்டின் வருமான வரி விதிப்படி, மாதம் 1,800 ரூபாய் மட்டும் உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படும். இது 1.6 லிட்டர் வரையிலான இன்ஜினுக்கு. அதற்கு மேல் என்றால் 2,400. டிரைவரும் கொடுத்தால் கூடுதலாக 900. மீதிச் செலவு முழுக்க வரிக்கு வெளியே போய்விடுகிறது. வீட்டு வாடகைப் படி, 80சி எல்லாம் கைவிட்டுப் போன புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை தொடர்வதால்தான் ஹெச்.ஆர். மெயிலில் இதற்கு இவ்வளவு மவுசு.

கார் அலுவலக வேலைக்கு ஓடவே இல்லை, முழுக்க சொந்த உபயோகம்தான் என்றால் இந்த 1,800 கணக்கு பொருந்தாது. உண்மையான செலவோடு கார் விலையில் வருஷத்துக்கு 10 சதவீதமும் சேர்த்து வருமானமாகக் கணக்கிடப்படும். வாரம் அஞ்சு நாளும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

எவ்வளவு மிச்சம்?

ஒரு உதாரணம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மாத வாடகை 22,000, பெட்ரோல் உள்ளிட்ட ஓட்டும் செலவு 8,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,60,000. இதில் 21,600 போக 3,38,400 ரூபாய் வரி வருமானத்திலிருந்து விலகுகிறது. புதிய வரி முறையில், வரிக்குரிய வருமானம் 30 லட்சம் உள்ளவருக்கு செஸ் சேர்த்து சுமார் 1,05,600 மிச்சம். 20 லட்சம் என்றால் சுமார் 70,400. 11 லட்சம் என்றால் பைசா மிச்சமில்லை, ஏனென்றால் 12 லட்சம் வரை அவருக்கு எப்படியும் வரி கிடையாது.

15 லட்சத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவருடைய வரி 1,09,200 ரூபாய். லீஸ் எடுத்ததும் வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே இறங்குவதால் மொத்த வரியும் காணாமல் போகிறது. 30 லட்சக்காரரை விட இவருக்கு மிச்சம் அதிகம்! இதைப் பார்த்து ஆசைப்படாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்தை மிச்சம் பிடிக்க மூணு லட்சத்து அறுபதாயிரத்தைக் காரில் கொட்டுகிறோம் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. புது கார் எப்படியும் வாங்கத்தான் போகிறார் என்றால் அது லாபம். இல்லையென்றால் அது செலவு.

இப்போது பழைய காரை வைத்துக்கொள்பவரைப் பார்க்கலாம். அவருக்கும் ஒரு சின்ன சலுகை உண்டு. அலுவலக வேலைக்கும் ஓடுகிற சொந்தக் காரின் பெட்ரோல், பராமரிப்புச் செலவை கம்பெனி திருப்பித் தந்தால், சிறிய இன்ஜின் காருக்கு மாதம் 1,800 ரூபாய் வரை வரியில்லை. 30 லட்சம் வருமானத்தில் இது வருஷத்துக்கு சுமார் 6,700 ரூபாய் மிச்சம். லீஸ் எடுப்பவர் வருஷத்துக்கு 2,64,000 வாடகை கட்டுகிறார். கூடுதலாகக் கிடைக்கும் வரி மிச்சத்தைக் கழித்தாலும், ஓட்டும் செலவு ரெண்டுக்கும் ஒன்றுதான் என்று கொண்டால், பழைய காரை ஓட்டுபவரை விட சுமார் 1,65,000 அதிகம் செலவழிக்கிறார். நாலு வருஷத்தில் 6.6 லட்சம். பழைய காரை விற்று 3 லட்சம் கிடைத்தாலும் 3.6 லட்சம் கைவிட்டுப் போகிறது. லீஸ் முடிந்ததும் கார் வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் எழுதிய மீதி மதிப்பைத் தனியாகக் கொடுத்துத்தான் வாங்கணும்.

1,65,000 ரூபாய்க்கு நாலு டயர், பேட்டரி, கிளட்ச், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் மாற்றிய பிறகும் சின்னக் காருக்குப் பணம் மிஞ்சும். அதுவும் எல்லா வருஷமும் மாற்றப்போவதில்லை.

வாடகை மேல் விழும் ஜிஎஸ்டி-யையும் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40, எலெக்ட்ரிக் காருக்கு 5. லோனில் வாங்கினால் இந்த வரி கார் விலை மேல் ஒரு தடவை விழும், வட்டி மேல் விழாது. லீஸில் ஒவ்வொரு மாத வாடகை மேலும் விழுகிறது. லீசிங் நிறுவனத்தின் வட்டியும் லாபமும் அந்த வாடகைக்குள்தான் இருக்கின்றன. உங்கள் கம்பெனியால் இதை வரவு வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆக அதுவும் உங்கள் சிடிசி தலையில். 40 சதவீத வரியில் வரும் பெரிய எஸ்யூவி-க்கு லீஸ் எடுப்பவர்கள், ஜிஎஸ்டி சேர்த்த வாடகையைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போடுவது நல்லது.

வேலை மாறினால்?

கணக்கை விட முக்கியமான விஷயம் இது. லீஸ் பொதுவாக மூணு முதல் அஞ்சு வருஷம். ஐடி துறையில் ஒரே கம்பெனியில் அத்தனை வருஷம் இருப்போம் என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? நடுவில் ராஜினாமா செய்தால் புது கம்பெனி அந்த லீஸை ஏற்கணும், இல்லையென்றால் முன்கூட்டியே முடிக்கும் தொகையைக் கட்டணும், அல்லது அபராதத்தோடு காரைத் திருப்பிக் கொடுக்கணும். 30 சதவீத சம்பள உயர்வோடு நல்ல ஆஃபர் வரும்போது இது சமாளிக்கக்கூடிய தலைவலி. கம்பெனியே ஆட்குறைப்பு செய்து அனுப்பும்போது நிலைமை வேறு. சம்பளம் நிற்கிற அதே மாதம், கடைசி செட்டில்மென்ட்டிலிருந்து காருக்கான தொகையையும் பிடித்துக்கொள்வார்கள். வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நம்பியிருந்த பணம் அது. லோன் முடிந்த பழைய கார் அந்த மாதமும் வாசலில் சும்மா நிற்கும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நோ கிளெய்ம் போனஸையும் யாரும் சொல்வதில்லை. அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்யாமல் ஓட்டியவருக்கு சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். அது காருக்கு இல்லை, உரிமையாளருக்கு. காரை விற்றால் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளலாம், மூணு வருஷம் செல்லும். லீஸ் கார் உங்கள் பெயரில் இல்லாததால் அதில் பயன்படுத்த முடியாது. நாலு வருஷ லீஸ் முடிந்து சொந்தக் கார் வாங்கப் போகும்போது சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும்.

ரெண்டு வருஷத்தில் வீட்டுக் கடன் வாங்கும் திட்டம் இருந்தால், லீஸ் வாடகை போக பே-ஸ்லிப்பில் தெரியும் சம்பளத்தைத்தான் பேங்க் பார்க்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படின்னா லீஸ் யாருக்கு? இப்போது கார் இல்லாதவர், அல்லது ஒவ்வொரு மாதமும் மெக்கானிக் ஷெட்டில் நிற்கிற காரை வைத்திருப்பவர். புது காரை எப்படியும் வாங்கப் போகிறவர், வரிக்குரிய வருமானம் 15 லட்சத்தை ஒட்டியோ 24 லட்சத்துக்கு மேலோ இருப்பவர், கம்பெனியில் இன்னும் மூணு வருஷமாவது இருப்போம் என்று நம்பக் காரணம் உள்ளவர். இவர்களுக்கு லோனை விட லீஸ் நல்லது, தயங்க வேண்டியதில்லை. ஆறு வருஷம் ஓடி நல்ல நிலையில் உள்ள காரை, வரிக்காக மட்டும் விற்பவருக்கு இது நஷ்டம்.

கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் ரெண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கணும். 12-வது மாதத்திலும் 24-வது மாதத்திலும் லீஸை முடித்தால் எவ்வளவு கட்டணும்? ஆட்குறைப்பில் அனுப்பினால் அந்தத் தொகை யார் பொறுப்பு? ரெண்டாவது கேள்விக்கு வாடகைக் கார் இன்சூரன்ஸிலேயே வேலை இழப்புப் பாதுகாப்பு இருக்கிறது என்று பதில் வந்தால், அந்த பாலிசியின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.