மின்னழுத்தமானி: பத்து மீட்டர் கம்பி

மேனிலை வகுப்பில் இயற்பியல் பயிலும் நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர், ஆய்வுக்கூடத்தில் பத்துக் கம்பிகள் பூட்டிய நீண்ட மரப்பலகையைக் கண்டிருப்பர். மின்னழுத்தமானி என்பது அதன் பெயர். தோற்றத்தில் எளியது, ஆயினும் ஒரு மின்கலத்தின் மின்னியக்கு விசையை உள்ளபடி உரைப்பதில் சாதாரண வோல்ட்மீட்டர் இதற்கு ஈடாகாது. வோல்ட்மீட்டர் அளக்கும்போதே கலத்திலிருந்து சிறிது மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் அளவு சற்றே குறைந்து காட்டுகிறது. இக்குறையை நீக்கும் வழியை 1841இல் ஜெர்மானிய அறிஞர் பொகெண்டார்ஃப் கண்டார். தராசில் பொருளுக்கு எதிரே படிக்கல்லை வைப்பதுபோல, கலத்தின் அழுத்தத்தை மற்றோர் அழுத்தத்தால் எதிர்த்து நிறுத்துவதே அவ்வழி.

படிக்கல்லாக அமைவது இக்கம்பியே. மொத்த நீளம் 10 மீட்டர். இடவசதி கருதி ஒவ்வொரு மீட்டராக மடக்கி, முனைகளைத் தடித்த செப்புப் பட்டைகளால் இணைத்திருப்பர். கம்பி மட்டும் செம்பன்று; செம்பின் மின்தடை மிகக் குறைவு, வெப்பத்தால் மாறவும் செய்யும். ஆதலால் செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலந்த மாங்கனின் என்னும் உலோகத்தைக் கொள்கின்றனர்.

கம்பியின் இரு முனைகளுக்கிடையே 2 வோல்ட் நிலவுமாயின், மீட்டருக்கு 0.2 வோல்ட் வீதம் அழுத்தம் சீராக இறங்கும். 1.08 வோல்ட் உடைய டேனியல் கலத்தைக் கால்வனாமீட்டர் வழியே இணைத்து, தொடுசாவியால் கம்பியைத் தொட்டுக்கொண்டே சென்றால், 540 செ.மீ. நீளத்தில் முள் அசையாது நிற்கும். அக்கணம் கலத்திலிருந்து மின்னோட்டம் சிறிதும் செல்வதில்லை. அவ்விடம் ஆறாவது கம்பியில் உள்ளது. அக்கம்பி எதிர்த்திசையில் திரும்பி வருவதால், இடப்புறத்திலிருந்து எண்ணும் அளவுகோலில் 40 அன்று, 60 என்றே காணும். தொடக்கத்தில் மாணவர் பலர் தடுமாறுவது இங்கேதான்.

இவ்வளவும் கம்பியின் பருமன் எங்கும் ஒன்றாயிருந்தால்தான் பொருந்தும். தொடுசாவியை மெல்ல வைத்து எடுக்கவேண்டும். இழுத்துத் தேய்த்தால் கம்பி சிற்சில இடங்களில் மெலியும். மெலிந்த இடத்தில் மின்தடை மிகும். சமன்செய் நீளம் பிசகும். பிசகிய கருவியின்முன் நிற்கும் மாணவன், எதிர்பார்க்கும் விடையை நூலில் முன்னரே படித்தவன். அதற்கேற்ற நீளத்தைக் குறிப்பேட்டில் தானே எழுதிக்கொள்ளத் துணிகிறான். அவனை மட்டும் கடிவது நீதியாகுமா? பலகையும் பட்டைகளும் நெடுங்காலம் உழைப்பவை. தேய்ந்த கம்பியை மட்டும் அகற்றி, ஒரே சுருளிலிருந்து எடுத்த புதுக்கம்பியை முறுக்கின்றி இழுத்துப் பூட்டினால் கருவி மீண்டும் மெய்யுரைக்கும்.