உளிக்கு ஜாதி தெரியுமா?

வீட்டில் முக்காலியின் கால் ஆடினால் அதைச் சரிசெய்ய நமக்கு ஏன் கை வருவதில்லை? "அது ஆசாரி வேலை; நம் பிறப்பில் இல்லை" என்கிறார்கள். உளி என்ன, பிடிப்பவனின் கோத்திரத்தைக் கேட்டுக்கொண்டா வெட்டுகிறது?

மரம் இயற்கைச் சட்டம் ஒன்றுக்கே கட்டுப்படும். ரேகை ஓடும் வாட்டத்தில் இழைத்தால் பலகை வழவழப்பாகும். எதிர்த்து இழைத்தால் எவன் இழைத்தாலும் பிய்ந்துதான் வரும். பச்சை மரம் உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அநேகமாய்ச் சுருங்காது. ரம்பம் தன் பல்லின் கனத்தளவு மரத்தைத் தூளாக்கிவிடும்; ஆகையால் கோட்டின்மேல் அறுக்காமல், கழிக்கும் பக்கமாக அறுக்க வேண்டும். ஓரத்தில் ஆணி அடிக்குமுன் அதைவிடச் சிறிய துளை போட்டால் பலகை பிளக்காது. செதுக்கும்போது இரண்டு கைகளும் உளியின் கூருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். இவற்றில் பிறவி இரகசியம் எங்கேயிருக்கிறது?

சென்னை இராஜ்யத்தில் 1953-ல், பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்றொரு திட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்து 1954-ல் கைவிடப்பட்டது. அதன் குற்றம் தொழில் கற்பித்ததல்ல. தகப்பன் தொழிலையே மகனுக்கு விதித்ததுதான்.

ஆகவே தோழர்களே! சுத்தியல், ரம்பம், மூலைமட்டம் வாங்கி, முதலில் ஒரு மணைப்பலகை செய்து பாருங்கள். பெண்மக்கள் கையிலும் கொடுங்கள். கோணலாய் வந்தால் அது தலையெழுத்தல்ல, அளவுப் பிழை. மறுபடி அளந்து அறுத்தால் நேராகும். ஒருநாள் கைநோக இழைத்தவன், மறுநாள் தச்சுத் தோழரிடம் கூலிக்குப் பேரம் பேசக் கூசுவான். அதுவே நாம் வேண்டும் பெரிய இலாபம்.