வயிற்றுக்குச் சோறிட்டார், நாவுக்கு என் செய்தார்?

‘வள்ளல்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் பறம்புமலைப் பாரியை நினைப்பார் இன்று தமிழ்நாட்டில் மிகச் சிலரே. திரைப்பட நடிகராயிருந்து முதலமைச்சராய் உயர்ந்த ம.கோ. இராமச்சந்திரனாரை நினைப்பாரே மிகப் பலர். அவர் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேல் கடந்த பின்னும், அவர் பெயரைச் சொல்லி ஒப்போலை கேட்கின்றனர். அவர் படத்துக்கு மாலையிட்டு வணங்குகின்றனர். அவர்தம் கொடையை மறுப்பது நம் நோக்கமன்று. அக்கொடையைத் தமிழின் அளவுகோலால் அளந்து பார்ப்பதே நம் நோக்கம்.

அவர் 17.1.1917இல் இலங்கையின் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய் சத்தியபாமா தம் மக்களுடன் குடந்தைக்கு வந்து சேர்ந்தார். பள்ளியில் நிலைத்துப் படிக்க வேண்டிய அகவையில், பசியின் கொடுமையால் நாடகக் குழுவிற் சேர்ந்தார் அச்சிறுவர். 1936இல் ‘சதி லீலாவதி’யில் ஒரு சிறு வேடம், 1947இல் ‘இராசகுமாரி’யில் தலைமை வேடம், 1958இல் தாமே எடுத்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’. 1972இல் தனிக்கட்சி, 1977இல் முதலமைச்சர் பதவி. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் அமெரிக்க மருத்துவமனையிற் படுத்திருந்தபடியே வென்றார். 24.12.1987இல் மறையும்போதும் அவர் முதலமைச்சரே. அவர் பிறந்த குடியை இழுத்துப் பேசுவது அறிவுடையார் செயலன்று. செய்ததையும் செய்யாததையும் பேசுவோம்.

அவர் கொடுத்தார் என்பது உண்மை. இராமாவரத் தோட்டத்துக்கு வந்தவர் உண்ணாமல் திரும்பியதில்லை என்பர். மழையில் நனைந்து வண்டியிழுத்த ஏழையர்க்கு மழைச்சட்டை வழங்கினார். ஈழத்தில் நம்மினம் அழிக்கப்பட்டபோது போராளிகளுக்குப் பொருளுதவி செய்தார். பசியறிந்தவர் பசித்தவர்க்கு இரங்கினார். இதனைப் போற்றாதவன் தமிழனாகான்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம்: அவர் கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது? கொட்டகையில் மணல் தரையிலமர்ந்து படம் பார்த்த உழவனும் கூலியாளும் தம் ஒருநாட் கூலியிற் கிள்ளிக் கொடுத்த காசே அது. அக்காசை அவர்கள் ஏன் கொடுத்தனர்? அவர் வாளைச் சுழற்றியதற்காக மட்டுமா? அவர் வாயில் வந்த தமிழுக்காகவும் கொடுத்தனர். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரனாரும் கண்ணதாசனும் வாலியும் எழுதிய பாட்டுக்காகவும் கொடுத்தனர். தமிழ் உரையாடலையும் தமிழ்ப் பாட்டையும் எடுத்துவிட்டால் அவர் படங்களில் எஞ்சுவது யாது? ஆகவே அவர் மக்களுக்குப் பட்ட கடனைவிடத் தமிழுக்குப் பட்ட கடன் பெரிது. அக்கடன் தீர்க்கப்பட்டதா என்பதே நம் வினா.

1.7.1982இல் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைக் கொடையென்று பாடுகின்றனர். அது கொடையன்று; மக்கள் வரிப்பணத்தில் மக்கள் பிள்ளைகளுக்கு இட்ட உணவு; அவர்தம் உரிமை. அதற்கு வேரும் உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியார் நண்பகலுணவு இட்டனர். 1956இல் பெருந்தலைவர் காமராசர் அதனை நாடெங்கும் பரப்பத் தொடங்கினார். அதனைப் பன்மடங்கு விரித்த பெருமை இராமச்சந்திரனாருக்கு உண்டு. கேலி செய்தவர்களும் பின்னர் அத்திட்டத்தைக் கைவிடத் துணியவில்லை.

சோறு வந்தது, அச்சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு எந்த மொழியிற் கல்வி? இங்கேதான் வள்ளன்மை வழுக்கி விழுகிறது. அவர் ஆட்சிக்கு வருமுன் மெட்ரிகுலேசன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் கீழ்ச் சிலவாகவே இருந்தன. 1978இல், அவர் ஆட்சியில், அவை மாநிலக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டுத் தனி விதித்தொகுப்பும் பெற்றன. அன்று திறந்த வாயில் பின்னர் அடைபடவேயில்லை. தெருவுக்குத் தெரு ஆங்கில வழிப் பள்ளிகள் முளைத்தன, ஆயிரக்கணக்கிற் பெருகின. ஏழைப் பிள்ளைக்குச் சத்துணவும் தமிழும். காசுள்ளவன் பிள்ளைக்குக் கழுத்துப்பட்டையும் ஆங்கிலமும் என்று நாடு இரண்டாகப் பிளந்தது. தமிழ்வழிப் பள்ளி என்றால் சோற்றுக்கு வழியற்றவன் பள்ளி என்னும் இழிபெயர் அன்று ஒட்டியது, இன்றுவரை உதிரவில்லை.

“அவர் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார், 1981இல் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடத்தினார், அதே ஆண்டில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் கண்டார்” என்பர். ஆம், கண்டார். ஆனால் முதல் வகுப்பில் ஆங்கிலத்தை விதைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழை அறுவடை செய்ய முடியுமா? அடித்தளத்தைத் தோண்டிவிட்டுக் கூரைக்குப் பொன்வேய்ந்த கதையன்றோ இது?

பழியை அவர் ஒருவர் மேல் மட்டும் சுமத்துவது முறையன்று. பின்வந்தோர் அவ்வழியை அகலப்படுத்தினரேயன்றி அடைக்கவில்லை. 1999இல் தமிழ்வழிக் கல்வி கேட்டுத் தமிழறிஞரும் உணர்வாளருமாக 102 பேர் சாகும்வரை உண்ணாநோன்பு இருந்தனர். சோறிட்டவருக்கு ஊர்தோறும் சிலை. மொழிக்காகச் சோற்றை மறுத்தவர் பெயரை இந்நாட்டில் எத்தனை பேர் அறிவர்? அவ்வாண்டே தொடக்கப் பள்ளிகளில் தமிழ்வழிக்கென அரசாணை வந்தது. 2000இல் சென்னை உயர்முறைமன்றம் அதனை வீழ்த்தியது. 2010இல் பொதுப்பாடத்திட்டச் சட்டம் வந்தது. ஆங்கில வழி போகவில்லை. அவர் பெயரால் ஆண்ட செயலலிதாவின் ஆட்சியிலோ, 2013இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரப்பப்பட்டன. எஞ்சியிருந்த ஏழையின் பள்ளியும் பறிபோயிற்று.

“பெற்றோரே ஆங்கிலத்தை விரும்புகின்றனர், நாம் என் செய்வோம்?” என்று கைவிரிப்பார் உளர். விருப்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. அலுவலும் உயர்கல்வியும் மன்றமும் ஆங்கிலத்துக்கே கதவு திறந்தால், எந்தத் தந்தை தமிழ்வாயிலில் தன் மகனை நிறுத்துவான்? தமிழ்வழி பயின்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் என்று 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கம் மட்டுமே.

தமிழ் மரபில் கொடையின் உச்சம் எது? நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தானுண்ணாமல் ஔவைக்கு ஈந்தானே அதியமான், அது! பெருந்தலைச் சாத்தனார்க்குத் தன் தலையையே தர வாளை நீட்டினானே குமணன், அது! வயிறு வாழக் கொடுத்தது ஈகை. தமிழ் வாழக் கொடுத்ததே வள்ளன்மை.

இராமச்சந்திரனார் தம் இராமாவரத் தோட்டத்தைக் காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளின் பள்ளிக்கென எழுதிவைத்தார். உயர்ந்த செயல், நம் தலை தாழ்கிறது. ஆனால் பேச நாவிருந்தும், எண்ணியதைத் தாய்மொழியிற் பிழையின்றி எழுத மாட்டாமல், அயல்மொழியிலும் கால்வழுக்கி ஊமைகளாய் நிற்கும் பல இலக்கம் பிள்ளைகளுக்கு எந்தத் தோட்டத்தை யார் எழுதிவைப்பார்?

தமிழர்களே! நடிகரிடம் ஈகையை எதிர்நோக்கும் கையை மடக்குங்கள்; அரசிடம் உரிமை கேட்கும் கையை உயர்த்துங்கள். முதல் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை தமிழே பயிற்றுமொழி. தமிழ் பயின்றார்க்கே தமிழ்நாட்டில் வேலை. இவ்விரண்டையும் தருவேன் என்று எழுதித் தருபவனுக்கே உங்கள் ஒப்போலை! அதற்கு முன் உங்கள் பிள்ளையை நீங்களே தமிழ்வழியிற் சேருங்கள். தாய்மொழியை ஈகையாய்ப் பெற்ற இனம் உலகில் இல்லை. போராடிப் பெற்ற இனங்களே உண்டு.

வெல்க தமிழ்!