விமர்சகனின் மூன்றாம் வீடு

சுப்புடுவைப் பற்றிப் பேச்செடுத்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர் "அவருக்கு நாக்கில் சனி" என்று சொல்லாமல் இருப்பதில்லை. அண்மையில் காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில், சித்ரகுப்தன் கோயில் வாசலில் நின்று நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதும் அப்படியே நிகழ்ந்தது. உடனிருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜாதகம் பார்ப்பதில் பழக்கமுள்ளவர். அவர் சிரித்துக்கொண்டே, "சனி இல்லை ஐயா, செவ்வாய். அவர் பிறந்த கிழமையைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். சுப்புடு என்று அறியப்பட்ட பி.வி. சுப்பிரமணியம் பிறந்தது 1917 மார்ச் 27. நள வருடம், பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. மறைந்தது 2007 மார்ச் 29, வியாழக்கிழமை. சோதிட மரபில் ஊறியவருக்கு இதைவிடச் சுவையான தீனி கிடைக்காது. செவ்வாய் போர்க்கிரகம், படைக்கலம், நெருப்பு, இரத்தம் எல்லாம் அதன் ஆட்சியில். பங்குனியில் சூரியன் நிற்பதோ குருவின் வீடான மீனத்தில். பிறந்த ஆண்டுக்குப் பெயரான நளனோ சனி பிடித்து நாடிழந்து காட்டில் அலைந்து, திருநள்ளாற்றில் விடுபட்டவன். சுப்புடுவும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, 1942இல், அங்கிருந்து கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். பின்னர் தில்லியில் அரசுப் பணி. பல பத்தாண்டுகள் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இசை, நாட்டிய விமர்சனம். செவ்வாயில் தொடங்கிக் குருவாரத்தில் நிறைந்த வாழ்வு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் போலிருக்கிறது.

இத்தனை அழகாகப் பொருந்துவதுதான் நமக்கு முதல் ஐயத்தைத் தருகிறது. பஞ்சாங்கப்படி நாள் தொடங்குவது நள்ளிரவில் அன்று, சூரிய உதயத்தில். அந்தச் செவ்வாயன்று விடியலுக்கு முன் பிறந்திருந்தால் சுப்புடு திங்கட்கிழமைக்காரர். அதிபதி சந்திரன், இளகிய மனம், கற்பனை, தாய்ப்பாசம் என்று வேறொரு சுப்புடுவை நாம் வரைந்திருப்போம். அதற்கும் அவர் வாழ்விலிருந்து சான்றுகள் கிடைத்திருக்கும்!

சுப்புடுவை எழுத ஊக்குவித்தவர்களில் ஒருவர் கல்கி. 'ஆனந்த விகட'னில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதித் தமிழ் வாசகரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தவர் அவர். பிறந்தது 1899 செப்டம்பர் 9. விகாரி வருடம், சனிக்கிழமை. மந்தன், முடவன், இருளன் என்றெல்லாம் மரபு சொல்லும் சனியின் நாளில் பிறந்தவர்தாம் தமிழின் துள்ளல் நடைக்காரர்களில் முதல் வரிசையில் நிற்கிறார். நாக்கில் சனி என்பது உண்மையானால், அந்தச் சனி கல்கியின் நாக்கில் மட்டும் ஏன் நகைச்சுவையாயிற்று?

சோதிடத்தைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. நம் மரபில் அதுவும் இசையும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. இக்காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர் கிரகங்கள் மீது கீர்த்தனைகள் இயற்றியவர். சீடர் தம்பியப்பன் வயிற்று வலியால் வருந்தியபோது, அவர் ஜாதகத்தில் குரு பலமிழந்திருக்கக் கண்டு, அடாணாவில் வியாழன் மீது ஒரு கீர்த்தனை செய்து பாடச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரகத்தை நம்பிய தீட்சிதர், 'உன் விதி இது' என்று சீடரை விட்டுவிடவில்லை. பயிற்சியைக் கையில் கொடுத்தார்.

நாமோ ஒரு விமர்சகரின் ஜாதகத்தைப் பேசுவது பெரும்பாலும் அவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான். சுருதி விலகியது என்று ஒருவர் எழுதினால், விலகியதா இல்லையா என்பதுதான் கேள்வி. "அவர் சுபாவம் அப்படி" என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது. சுப்புடுவுக்கு அனுமதியில்லை என்று ஒரு சபா பலகையே வைத்ததாக ஒரு கதை உலவுகிறது. அந்தப் பலகைக்கும் 'நாக்கில் சனி' என்ற சொல்லுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று ஆளை வெளியே நிறுத்துகிறது. மற்றது அவர் கருத்தை.

இதே சாக்கு விமர்சகருக்கும் வசதியானது. சுப்புடுவின் கேலி சில வேளைகளில் பாட்டைத் தாண்டிப் பாடியவர் மீதே விழுந்தது என்ற குறை அவர் காலத்திலேயே எழுந்தது. அக்குறையில் நியாயம் இருக்கிறது. செவ்வாயின் மீது பழியைப் போட்டால் அதற்கும் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பட்டை எண்ணிப் பாருங்கள். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடாக்கள் ஓடி, வரிக்கு வரி ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். தறியில் உட்கார்ந்து பழகிய பெரியவர் புடவையைத் திருப்பி, அந்த இணைப்பின் மேல் விரலை ஓட்டி, "இங்கே விட்டிருக்கிறது" என்பார். அவர் நட்சத்திரம் என்னவென்று நெய்தவர் கேட்பதில்லை. விட்டிருக்கிறதா என்றுதான் குனிந்து பார்ப்பார். இசைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஆனாலும் சோதிட மரபிலிருந்தே நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. விமர்சகர் என்றதும் எல்லோரும் இரண்டாம் வீட்டைத் தேடுகிறோம்; அது வாக்கு ஸ்தானம். மூன்றாம் வீட்டை யாரும் பார்ப்பதில்லை. அது தைரிய ஸ்தானம். காதுக்கும் அதுவே இடம். கேட்கும் திறனையும் அஞ்சாமையையும் ஒரே வீட்டில் குடிவைத்த முன்னோர், விமர்சனத்தின் இலக்கணத்தைத் தம்மையறியாமலேயே சொல்லிவிட்டார்கள். காது இல்லாத துணிவு வெறும் வசை. துணிவு இல்லாத காது, இன்று மார்கழிதோறும் நாம் வாசிக்கும் 'நிறைவான கச்சேரி' வகைக் குறிப்பு. சுப்புடு ஹார்மோனியம் வாசித்தவர். அவர் காது கைப்பழக்கத்தால் பதப்பட்டது. அதை எந்தக் கிரகமும் இனாமாகக் கொடுத்துவிடவில்லை.

நண்பர்கள் கலைந்த பின் உள்ளே சென்று கும்பிட்டோம். சித்ரகுப்தன் கேதுவுக்கு அதிதேவதை என்பதால் பரிகாரத்துக்கு வருவோர் அங்கே மிகுதி. அவர் கைகளில் எழுத்தாணியும் ஏடும். அந்த ஏடு நடக்கப்போவதைச் சொல்லும் ஜாதகம் அன்று; நடந்ததை எழுதும் கணக்கு. யார் எந்தக் கிழமையில் பிறந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. நல்ல விமர்சனக் கட்டுரையும் அத்தகையதே. அதில் பதிந்த கணக்கு தவறென்றால் சான்றோடு மறுப்போம், சரியென்றால் திருந்துவோம். எழுதியவரின் ராசிக்கட்டத்தை அதற்குப் பின் விரிக்கலாம்.