சான்றிதழ் தாங்குமோ கூரையை?

2004ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 16ஆம் நாள். குடந்தை நகரில், காசிராமன் தெருவில், பள்ளி தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தது. மதிய உணவு சமைத்த அடுக்களையில் எழுந்த தீ, கீற்றுக் கூரையைப் பற்றியது. கூரையின் கீழே குழந்தைகள். இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. புகை அடங்கியபின் எண்ணிப் பார்த்தார்கள். 94 பிஞ்சுகள்! காலையில் சோறூட்டி அனுப்பிய தாய், கரிந்த உடலைக் கண்டு அடையாளம் சொல்ல அழைக்கப்பட்டாள்.

தமிழகம் பதறிற்று, பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன, தலைவர்கள் விரைந்தனர். கீற்றுக் கூரைகளை அகற்றுக எனும் ஆணை பிறந்தது. ஆணை நல்ல ஆணை. ஆனால், 94 உயிர்களைக் கொடுத்துத்தானா அதனைப் பெறவேண்டும்? கீற்று எரியும் என்பதைக் குடிசையில் வாழும் கிழவியும் அறிவாளே! கோட்டையில் இருந்தோர் அறியவில்லையா?

ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தவர்கள் நாம். 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவுத் திட்டம், 1956இல் விரிந்து, 1982இல் சத்துணவாக வளர்ந்து, 2022இல் காலைச் சிற்றுண்டியாகவும் மலர்ந்தது. பசி தடுத்த பிள்ளையைப் பாடசாலைக்குக் கொணர்ந்த பெருமை தமிழகத்துக்கு உண்டு. மாடு மேய்த்தவன் மகன் மருத்துவனானான். நாற்று நட்டவள் மகள் ஆசிரியையானாள். மறுக்க எவராலும் இயலாது. ஆயினும், "வா" என்று அழைத்தவனுக்கு ஒரு கடமை உண்டு. காலையில் வாங்கிய குழந்தையை மாலையில் முழுதாகத் திருப்பித் தரவேண்டும். அதைச் செய்ய இயலாத அரசுக்கு, கல்வி வளர்த்தோம் எனக் கழறிடும் உரிமை ஏது?

"சட்டம் இல்லாத குறை" என்பார் சிலர். உண்மை அதுவன்று. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும், கட்டடம் உறுதியானது என்று சான்று வேண்டும் எனக் கூறும் சட்டம் 1965ஆம் ஆண்டிலேயே பிறந்தது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என நான்கு தாள்கள் கேட்கப்படுகின்றன. தாள்கள் நான்கும் இருந்தால் போதுமா?

கடல் கடந்த நாடொன்றின் கதை இதற்கு விடை கூறும். 1958 டிசம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில், தேவதூதர்களின் அன்னை பெயரால் இயங்கிய பள்ளியில் தீப்பிடித்தது. 92 மாணவர், 3 கன்னியாஸ்திரீகள், ஆக 95 பேர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் அப்பள்ளி தீத்தடுப்புச் சோதனையில் தேறியிருந்தது! எப்படி? 1949இல் வகுத்த புதிய விதிகள் புதிய கட்டடங்களுக்கு மட்டுமே. பழைய கட்டடத்துக்கு விலக்கு. சட்டப்படி குற்றமில்லை, குழந்தைகள் மட்டும் இல்லை! செல்வம் கொழிக்கும் நாட்டிலும் சான்றிதழ் தீயை அணைக்கவில்லை. பார்க்கும் கண்ணும் பதறும் நெஞ்சும் இல்லாத இடத்தில், சான்றிதழ் வெறுந் தாள். தீக்கு அதுவும் இரை!

சரி, நீதியேனும் விரைந்ததா? குடந்தை வழக்கில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30இல். பத்தாண்டுகள்! பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொருவர் விடுதலை. 2017இல் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனையைக் குறைத்தது. மேலும் சிலரை விடுவித்தது. நீதிமன்றத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தண்டனை, மாண்ட குழந்தையை மீட்காது என்பதையே நினைவூட்டுகிறோம். குடந்தைக் கொடுமையை அடுத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையையும் உள்ளடக்கியதே என 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உரைத்தது. தீயணைப்புக் கருவி கேட்பது சலுகையன்று, உரிமை!

இங்கே ஓர் எச்சரிக்கை. தனியாரின் பேராசையே இதற்குக் காரணம் என்று கூறிக் கைகழுவுவது எளிது. பேராசை உண்டு, கல்வியைக் கடைச்சரக்காக்கியோர் உண்டு. ஆனால் 2021 டிசம்பர் 17இல் நெல்லையில், அரசு உதவிபெறும் பள்ளியொன்றில், கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்டனரே! 2025 ஜூலை 25இல் இராசத்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் கூரை வீழ்ந்து ஏழு குழந்தைகள் மடிந்தது அரசுப் பள்ளியில் அன்றோ! இடிகின்ற சுவர், "நான் அரசினுடையது, நான் தனியாருடையது" என்று பார்த்து இடிவதில்லை. மாற்றாரின் பள்ளியை மட்டும் சுட்டிக்காட்டி மகிழும் அரசியல் நமக்கு வேண்டாம்.

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கசக்கும், எனினும் கேட்போம். பள்ளி நடத்துபவர் நமக்கு வேண்டியவர். அதிகாரி குறை கண்டு சான்று தர மறுக்கிறார். "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று நம்மிடம் வருகின்றார். வட்டச் செயலாளர் தொலைபேசியை எடுக்கின்றார், தாள் கையெழுத்தாகிறது. உதவி செய்தோம் என உவகை! யாருக்கு உதவி? நாளை அந்தக் கூரையின் கீழே உட்காரப்போவது எவர் பிள்ளை? மாளிகைவாசியின் மகன் வேறு பள்ளிக்குப் போவான். நம் கொடியைத் தோளில் சுமந்து, நம் கூட்டத்துக்கு நடந்துவந்தானே கூலித் தொழிலாளி, அவன் மகள் அங்கே உட்காருவாள். அவள் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் உதவியை உதவி என்பதோ?

பரிந்துரைக்கும் பழக்கத்தை விட்டொழிப்போம். பார்வையிடும் பழக்கத்தைக் கைக்கொள்வோம். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அந்தக் குழுக்களில் நம் தாய்மார்கள் அமரட்டும். வாய் திறந்து கேட்கட்டும். வகுப்பறைக்கதவு எளிதில் திறக்கிறதா? ஒரு படி அடைபட்டால் மறு படி உண்டா? அடுக்களை எட்டி நிற்கிறதா? தீயணைப்புக் கருவியின் காலம் முடிந்துவிட்டதா? விரிசல் விட்ட சுவருக்கு அருகே பிள்ளைகள் விளையாடுகின்றனரா? இவற்றை அறியப் பொறியியல் பட்டம் வேண்டாம்; பெற்ற மனம் போதும். குறை கண்டால் எழுதிக் கொடுங்கள். ஏற்க மறுத்தால் போராடுங்கள். ஆட்சி நம்முடையதாயினும் சரி, மாற்றாருடையதாயினும் சரி!

குடந்தையில் ஆண்டுதோறும் ஜூலை 16இல் பெற்றோர் மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். அந்தச் சுடர் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே: "உங்கள் ஊர்ப் பள்ளியை நீங்கள் பார்த்தீர்களா?"

நாளை திங்கட்கிழமை. பள்ளி திறக்கும். சென்று பாருங்கள், தோழர்களே!